பழைய கேம்பேடில் மாயாமாளவகௌளை: வீட்டிலேயே ஒரு மிடி கண்ட்ரோலர்

பரணில் கிடக்கும் கேம்பேடையும் எழுத்து அழிந்துபோன கீபோர்டையும் வைத்து இசைக்கருவி செய்யலாம் என்று கேள்விப்பட்டதும் பலரும் முதலில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவர்தான். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வேலை செய்கிற கேம்பேடைப் பிரிக்காமலே பாதிக்கு மேல் செய்துவிடலாம். அது மட்டுமில்லை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது கொஞ்சம் வாசித்துப் பார்த்த பிறகுதான் தெரியும், அதற்கு முன்னால் ஒயரை வெட்டினால் தப்பான இடத்தில்தான் வெட்டியிருப்பீர்கள். அதனால் மூன்று கட்டமாகப் போவோம்: முதலில் எதையும் திறக்காமல், அப்புறம் திறந்து உள்ளே இருக்கும் போர்டையே வைத்துக்கொண்டு, கடைசியாகப் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு. பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டே போதும்.

மிடி கண்ட்ரோலர் தானாக எந்தச் சத்தமும் போடாது. இந்த ஸ்வரத்தைத் தொடங்கு, அதை நிறுத்து என்று கட்டளை மட்டும் அனுப்பும். சத்தம் வருவது கம்ப்யூட்டரில் ஓடும் எல்எம்எம்எஸ் மாதிரியான மென்பொருளிலிருந்து. கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் இந்த மிடி என்ற மொழி 1983-ல் வந்த ஏற்பாடு, இன்றைக்கும் அடிப்படை மாறாமல் ஓடுகிறது. ஒரு ஸ்வரத்தைத் தொடங்க மூன்று எண்கள் போதும். 144, 60, 100 என்று அனுப்பினால், முதல் சேனலில் (வாத்தியத்துக்கு ஒன்றாக ஒதுக்கும் தனி வழி), 60-வது ஸ்வரத்தை, 100 அழுத்தத்தில் தொடங்கு என்று பொருள். 60 என்பது நடு சி, நம் பேச்சில் ஒரு கட்டை. எண்ணில் ஒன்று கூடினால் ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும், எல்லை 0 முதல் 127 வரை. 5 கட்டையில் பாடுகிறவர் 60-க்குப் பதிலாக 67-ஐயோ 55-ஐயோ சட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு இவ்வளவு மிடி போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது

யூஎஸ்பி வால் உள்ள கேம்பேட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கட்டைவிரலால் எந்தப் பக்கமும் தள்ளும் அனலாக் ஸ்டிக் இரண்டு இருக்க வேண்டும், அது முக்கியம், ஏன் என்று பின்னால் வருகிறது. வயர்லெஸ் பேட் வேண்டாம் என்பது என் கட்சி: பேட்டரி தொல்லை, கொஞ்சம் தாமதமும் சேரும். பழைய 15 பின் ஜாய்ஸ்டிக் கிடைத்தால் இந்த வேலைக்கு ஆகாது, ஆனால் அந்தப் பிளக்குக்கு ஒரு சுவையான கதை உண்டு. சவுண்ட் கார்டுகளில் இருந்த அந்த கேம் போர்ட்டில் இரண்டு பின்களை மிடிக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள், ஒரே ஓட்டையில் விளையாட்டும் வாத்தியமும் குடியிருந்தன.

கீபோர்டும் யூஎஸ்பியாக இருந்தால் நல்லது. ஊதா நிற வட்டப் பிளக் உள்ள பிஎஸ்2 கீபோர்டுக்குச் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவைப்படும், வெறும் பிளக்கை மாற்றும் சின்ன அடாப்டர் பெரும்பாலும் வேலை செய்யாது. காயலான் கடையிலோ, சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவிலோ வாங்குவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருப்பார்கள்.

முதல் கட்டம்: திறக்காமல்

கேம்பேடைக் கம்ப்யூட்டரில் சொருகி எல்லாப் பட்டனும் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலில் கேம் கண்ட்ரோலர் ஜன்னல் இருக்கிறது, லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் புள்ளி நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் பரவாயில்லை, சமாளிக்கலாம். நடுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது, அந்த ஸ்டிக்கை ஸ்வரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது பேடிலிருந்து வரும் செய்தியை மிடியாக மாற்ற ஒரு பாலம் வேண்டும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் பைகேம் நூலகம் பேடைப் படிக்கும், மிடோ நூலகம் ஆர்டிமிடியின் துணையோடு மிடியை அனுப்பும், எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது வரிகளுக்குள் முடியும். நிரல் எழுத விருப்பமில்லையென்றால் பியூர் டேட்டாவில் பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தே இதைச் செய்யலாம், அதுவும் இலவசம். இந்தப் பாலத்துக்கும் இசை மென்பொருளுக்கும் நடுவே ஒரு கற்பனை மிடி குழாய் தேவை: விண்டோஸில் லூப்மிடி என்ற சின்ன மென்பொருளை நிறுவுங்கள், மேக்கில் ஐஏசி டிரைவர் ஏற்கெனவே உள்ளது, இயக்கிவிட்டால் போதும், லினக்ஸில் தனியாக ஒன்றும் வேண்டாம்.

சரி, எந்தப் பட்டனுக்கு எந்த ஸ்வரம்? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இடது பக்கம் நாலு அம்புக்குறிகளில் ச ரி க ம, வலது பக்கம் நாலு பட்டன்களில் ப த நி ச என்று வைப்பதுதான் சட்டென்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும்: இரண்டு கட்டைவிரலும் பட்டன்களில் மாட்டிக்கொண்டுவிட்டன, ஸ்டிக்கைத் தொட விரலே இல்லை. ஸ்டிக் இல்லாவிட்டால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, இல்லை, கமகம் இல்லாவிட்டால் அது பள்ளிக்கூட மணிதான்.

அதனால் இப்படி வையுங்கள். வலது கட்டைவிரலுக்கு நாலு பட்டன்: ச, ரி, க, ம. வலது ஆள்காட்டி விரலில் இருக்கும் தோள் பட்டனை, அதாவது ஆர்1-ஐ, அழுத்திக்கொண்டு அதே நாலு பட்டனைத் தொட்டால் ப, த, நி, மேல் ச. இடது தோள் பட்டன்கள் இரண்டும் மந்திர ஸ்தாயிக்கும் தார ஸ்தாயிக்கும். இடது கட்டைவிரல் முழுக்க முழுக்க ஸ்டிக்குக்கே.

மாயாமாளவகௌளையில் இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். சட்ஜத்தை 0 என்று வைத்தால் ச ரி க ம என்பது 0, 1, 4, 5. ப த நி ச என்பது 7, 8, 11, 12. இரண்டாவது பாதி முதல் பாதியின் அச்சு, ஒவ்வொன்றிலும் 7 கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக ஆர்1 செய்ய வேண்டிய ஒரே வேலை எண்ணோடு 7 கூட்டுவது. சங்கராபரணத்துக்கு 0, 2, 4, 5, கரகரப்பிரியாவுக்கு 0, 2, 3, 5, தோடிக்கு 0, 1, 3, 5 என்று நாலு எண்ணை மாற்றினால் போதும், அந்த ராகங்களிலும் பின்பாதி இதே மாதிரிதான் அமைகிறது. கல்யாணியில் பிரதி மத்யமம் வந்து கணக்கைக் கெடுக்கும், அரிகாம்போதியில் நிஷாதம் ஒத்துவராது. அவற்றுக்கு எட்டு எண்களையும் தனித்தனியாகப் பட்டியல் போடுங்கள். செலக்ட் பட்டனை அழுத்தினால் அடுத்த ராகத்துக்குப் போகும்படி வைத்துவிட்டால் கச்சேரிக்கே தயார்.

நிரலில் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. பட்டனை அழுத்திக்கொண்டே ஆர்1-ஐ விட்டுவிட்டால், பட்டனை எடுக்கும்போது நிரல் கணக்குப் போட்டு வேறு ஸ்வரத்தை நிறுத்தும், முதலில் தொடங்கியது நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். இதற்கு, ஒவ்வொரு பட்டனும் எந்த எண்ணைத் தொடங்கியது என்று குறித்து வைத்து, எடுக்கும்போது அந்த எண்ணையே நிறுத்துங்கள். திரும்பக் கணக்குப் போடக் கூடாது. அதோடு ஸ்டார்ட் பட்டனில் மிடியின் கண்ட்ரோல் செய்திகளில் 123-வதை வையுங்கள், ஒலிக்கிற எல்லாவற்றையும் நிறுத்தும் கட்டளை அது.

ஸ்டிக்கும் கமகமும்

ஸ்டிக்கின் மதிப்பு பைகேமில் கழித்தல் 1 முதல் கூட்டல் 1 வரை வரும். மிடியில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளைக்கு 0 முதல் 16383 வரை இடம், நடு 8192. மிடோ இதையே நடுவில் 0 வைத்து, கழித்தல் 8192 முதல் 8191 வரை என்று கேட்கும், ஆகவே ஸ்டிக்கின் மதிப்பை 8191-ஆல் பெருக்கி அனுப்பினால் சரி. மலிவான பேட்கள் 256 படிகள்தான் தரும். வழக்கமான ஏற்பாட்டில் மேலே இரண்டு ஸ்வரஸ்தானம், கீழே இரண்டு. அந்த அளவில் ஒரு படி என்பது ஒரு ஸ்வரஸ்தானத்தில் சுமார் அறுபதில் ஒரு பங்குதான், காதுக்குப் படிக்கட்டாகத் தெரியாது.

தெரிவது வேறு ஒன்று. ஸ்டிக் சும்மா இருக்கும்போது சரியாக நடுவில் நிற்காது, அதனால் நடுவே பத்துப் பதினைந்து சதவீதத்தைச் செத்த பகுதி என்று ஒதுக்கி அங்கே 0 அனுப்ப வேண்டும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதும் 0-லிருந்து 15-க்குத் தாவினால் ஸ்வரம் வெட்டி இழுக்கும். தாண்டிய தூரத்தை மட்டும் எடுத்து, அதைத் திரும்ப 0 முதல் 1 வரை விரித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு படி போய் அந்த மதிப்பை அதனாலேயே பெருக்கி, இடப்பக்கம் தள்ளியிருந்தால் கழித்தல் குறியைத் திரும்பப் போட்டுவிட்டால், நடுவுக்குப் பக்கத்தில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் வளையும். கம்பிதம், அதாவது ஸ்வரத்தை ஆட்டும் கமகம், செய்யும்போது இந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும் என்பதை மறக்க வேண்டாம். பின்னால் தம்புராவுக்கு ச-ப வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும், கேட்கச் சகிக்காது. அந்தத் தம்புராவை 2-வது சேனலில் தனியாக வையுங்கள். ஒலியாகப் பியானோவைத் தேர்ந்தெடுக்காதீர்கள், புல்லாங்குழலோ வயலினோ போடுங்கள்.

ஸ்டிக்கின் மற்ற அச்சு, மேலும் கீழும் போவது, சத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கு: கண்ட்ரோல் 11. பட்டன்களுக்கு அழுத்தம் தெரியாது, அழுத்தியதா இல்லையா என்பதுதான் தெரியும், அதனால் எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் வரும். சிலர் அழுத்த எண்ணைக் குத்துமதிப்பாகக் கூட்டிக் குறைத்து மனிதர் வாசிப்பது மாதிரி காட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, உயிர் கொடுக்க வேண்டியது உங்கள் விரல்தான். ஆர்1-க்குக் கீழே இருக்கும் ஆர்2, எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணரும் அனலாக் டிரிக்கராக இருந்தால் அதைக் கண்ட்ரோல் 11-க்கு வைத்து மூச்சு மாதிரிப் பயன்படுத்தலாம்.

கீபோர்டு எதற்கு

மெல்லிசையைக் கீபோர்டில் வாசிக்கலாம், ஆனால் அது அதன் பலம் இல்லை. தாளம், லூப் தொடங்குதல், நிறுத்துதல், ஒலி மாற்றுதல், இதெல்லாம்தான் அதற்குப் பொருத்தம். தாளத்துக்கு 10-வது சேனல்: 36 பெரிய டிரம், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட்.

இரண்டு தொல்லைகள் வரும். கீயை அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அந்தத் திரும்பல்களை நிரல் ஒதுக்க வேண்டும். அடுத்தது, இரண்டு கீபோர்டு சொருகியிருந்தாலும் கம்ப்யூட்டர் ஒன்றாகவே பார்ப்பதால், நீங்கள் தட்டும் தாளமெல்லாம் திறந்திருக்கும் ஆவணத்தில் எழுத்தாக விழும். லினக்ஸில் ஈவிடெவ் வழியாக ஒரு கீபோர்டை மட்டும் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம், மற்ற மென்பொருள்களுக்கு அது போகவே போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு இசைக்கென்று ஒதுக்குவது நல்லது.

தாமதமாக ஒலிக்கிறது என்றால் பேடைத் திட்டாதீர்கள், முதலில் ஆடியோ பஃபரை, அதாவது ஒலியைக் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை, பாருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் என்றால் சுமார் 6 மில்லிசெகண்ட், 2048 என்றால் 46, அது கைக்கும் காதுக்கும் நடுவே நன்றாகவே தெரியும். விண்டோஸில் ஏசியோ4ஆல் டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் கட்டம்: திறந்து

கீபோர்டின் அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். வராவிட்டால் ஸ்டிக்கருக்கு அடியிலோ ரப்பர் கால்களுக்கு அடியிலோ இன்னும் ஒன்று ஒளிந்திருக்கும், இழுத்து உடைக்க வேண்டாம். உள்ளே ரப்பர் தாள், அதற்குக் கீழே கோடு போட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், நடுவே ஓட்டை போட்ட ஒன்று. ஓரத்தில் கையகலப் போர்டு, அதில் கறுப்புப் பொட்டாக ஒரு சிப். நமக்கு வேண்டியது அந்தப் போர்டும் அதன் ஒயரும் மட்டும். பிளாஸ்டிக் தாளில் சால்டரிங் செய்ய முடியாது, உருகிவிடும்.

போர்டின் விளிம்பில் கறுப்பாகத் தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். மேலே ஒரு தாளுக்குப் போகும் கூட்டம், இன்னொரு தாளுக்குப் போகும் கூட்டம் என்று இரண்டு வகை. முதல் கூட்டத்தில் ஒன்றையும் இரண்டாவதில் ஒன்றையும் ஒரு ஒயரால் தொட்டால் ஓர் எழுத்து விழும். நோட்பேடைத் திறந்து வைத்து, ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டு, என்ன விழுகிறது என்று காகிதத்தில் கட்டம் போட்டு எழுதுங்கள். வேறு எதையும் திறந்து வைக்காதீர்கள், ஏதோ ஒரு ஜோடி கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கும் கீயாக இருக்கும், இன்னொன்று டெலீட்டாக இருக்கும். இது சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தால் மேலே போக வழியில்லை.

கட்டம் தயாரானதும் பேய் கீ விவகாரம் வரும். கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நாலாவது மூலையும் அழுத்தியதாகச் சிப்புக்குத் தோன்றும், பல கீபோர்டுகள் அதைத் தவிர்க்க மூன்றாவது கீயையே விழுங்கிவிடும். மூன்று கீ சேர்ந்தால் தாளம் ஓட்டை விழுவது இதனால்தான். தப்பிக்க எளிய வழி: எல்லாப் பட்டன்களையும் ஒரே வரிசையிலிருந்து எடுங்கள். ஒரு வரிசை, பல பத்திகள் என்றால் செவ்வகமே உருவாகாது, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடும் வேண்டாம். யூஎஸ்பி கீபோர்டின் வழக்கமான செய்தியில் ஆறு கீக்குத்தான் இடம், அதோடு ஷிஃப்ட், கண்ட்ரோல் மாதிரியானவை தனி. பத்து விரலையும் ஒரே நேரத்தில் அமுக்குகிற எண்ணம் இருந்தால் இந்தப் போர்டு சரிப்படாது.

தொடுமுனையின் கறுப்புப் பூச்சில் ஈயம் ஒட்டாது. பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் பல போர்டுகளில் அடியில் செம்பு தெரியும். தெரியாவிட்டால் அந்தக் கோடு எங்கே போகிறது என்று மல்டிமீட்டரின் பீப்பை வைத்துத் தேடி, வழியில் இருக்கும் ஓட்டையிலோ சிப்புக்குப் பக்கத்திலோ ஒயரை வையுங்கள். ஒயருக்குப் பழைய ஐடிஇ ரிப்பன் கேபிள் அருமை, மெல்லியது, வளையும். லான் கேபிளின் ஒற்றைக் கம்பி வளைக்க வளைக்க முறிந்துபோகும். மறுமுனையில் ஆர்கேட் பட்டன், காலிங்பெல் சுவிட்ச், கால் சுவிட்ச், எதுவும் சரி. அழுத்தினால் ஒட்டிக்கொண்டு, விட்டால் விலகும் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கேம்பேடில் பட்டன் பக்கம் இன்னும் சுலபம். பல மலிவான பேட்களில் எல்லாப் பட்டனுக்கும் ஒரு முனை பொதுவான கிரவுண்ட். அதை மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டால் ஒரு பட்டனுக்கு ஓர் ஒயர், மொத்தத்துக்கும் ஒரு கிரவுண்ட் என்று முடியும்.

ஸ்டிக் பகுதி ருசியானது. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (அசைத்தால் தடை மாறும் பாகம்), பெரும்பாலும் 10 கிலோ ஓம், மூன்று கால். ஓரக் கால்களில் மின்னழுத்தம், நடுக்காலில் நிலை. இந்த நடுக்காலின் தடத்தை வெட்டி, அந்த இடத்தில் பி10கே என்று எழுதிய ஸ்லைடரின் நடுக்காலைக் கொண்டுவந்து, அதன் ஓரக் கால்களைப் பழைய ஓரக் கால்களோடு சேர்த்தால், உங்கள் பேடில் ஸ்பிரிங் இல்லாத ஒலி அளவு நெம்புகோல் வந்துவிடும். ஸ்பிரிங் கமகத்துக்கு நல்லது, ஒலி அளவுக்குக் கெட்டது. ஒரு ஸ்டிக்கை அப்படியே விட்டு இன்னொன்றை ஸ்லைடராக மாற்றுவதுதான் நல்ல பங்கீடு. ஸ்லைடருக்குப் பதிலாக வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ஓர் எல்டிஆரையும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராகப் போட்டு நடுவிலிருந்து ஒயர் எடுத்தால், கையை மேலே அசைத்து நிழலாலேயே வாசிக்கலாம். மாற்றாமல் வெட்டி மட்டும் விட்ட அச்சு அந்தரத்தில் தொங்கிக் கண்டபடி எண் அனுப்பும். இரண்டு சம ரெசிஸ்டர்களை வைத்து அதை நடுவில் கட்டிப்போடுங்கள். காந்தத்தில் இயங்கும் ஹால் வகை ஸ்டிக்கில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்காது.

மூன்றாம் கட்டம்: புது மூளை

பேடின் போர்டு செத்துவிட்டது, ஸ்டிக்கும் பட்டனும் நன்றாக இருக்கின்றன என்றால் ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்ன போர்டு ஒன்று வாங்குங்கள். சர்க்யூட்பைத்தானோ ஆர்டுயினோவோ போட்டால் அதுவே மிடி கருவியாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியும், பாலமும் வேண்டாம், கற்பனைக் குழாயும் வேண்டாம். பைக்கோவுக்குப் பதிலாக ஆர்டுயினோ போர்டு என்றால் லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ. பழைய ஊனோ நேரடியாக மிடி கருவியாகத் தெரியாது. பட்டனின் ஒரு கால் பின்னுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு, நிரலில் உள் புல்-அப்பை (பட்டனைத் தொடாதபோது பின்னை உயர் நிலையில் பிடித்து வைப்பது) இயக்கிவிடுங்கள். பட்டன் ஒட்டும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், ஒரு மாற்றத்துக்குப் பிறகு 5 மில்லிசெகண்ட் காதை மூடிக்கொள்ளும்படி நிரல் எழுதுங்கள்.

பைக்கோவில் அனலாக் பின் மூன்றுதான்: ஜிபி26, ஜிபி27, ஜிபி28. ஸ்டிக்கின் ஓரக் கால்களை 3.3 வோல்ட்டிலும் கிரவுண்டிலும் இணைக்க வேண்டும். பக்கத்திலேயே 5 வோல்ட் பின் இருக்கிறது, கை தவறி அதில் கொடுத்து ஸ்டிக் வழியாக உள்ளே விட்டால் சிப் போய்விடும்.

பெட்டியைக் கடைசியாகச் செய்யுங்கள். முதலில் செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு ஒரு மாதம் வாசியுங்கள், பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று கை சொல்லும், அப்புறம் பலகையோ எவர்சில்வர் டிபன் பாக்ஸோ. உலோகமென்றால் போர்டின் அடிப்பக்கம் தொடாதபடி அட்டை வையுங்கள். யூஎஸ்பி ஒயரைப் பெட்டிக்குள் ஒரு முடிச்சுப் போட்டு விடுங்கள், யாராவது கால் தடுக்கினால் இழுப்பு முடிச்சோடு நிற்கும், சால்டர் பிய்யாது. எழுத்துக் கட்டம் போட்ட அந்தக் காகிதத்தை மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள், ஒரு பட்டன் வேலை செய்யாமல் போகும்போது எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று தேட அது ஒன்றுதான் கிடைக்கும்.